படுத்துக் கிடந்த எட்டு

ஆர்னியின் மதுக்கடைச் சுவரில் வெர்ன் பாவ்லிக்கின் படத்துக்கு மேலே ஒரு பிரெட்செல் தொங்க ஆரம்பித்ததிலிருந்து ரோசலி அந்தத் தெருவழியாகப் போவதையே விட்டுவிட்டாள். முறுக்கிச் சுட்டு உப்புத் தூவிய ரொட்டி அது. எட்டு ஒன்று களைத்துப்போய்ப் படுத்துக் கிடப்பது போல, குறுக்குவாட்டில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தான் ஆர்னி. அதற்கு என்ன பொருள் என்று கெல்லர்ஸ் ஃபெர்ரி ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட அந்த வாரமே தெரிந்துவிட்டது. படுத்த எட்டு என்றால் முடிவிலி. முடிவிலி என்றால் ரோசலியின் புருஷன்.

விஷயம் இதுதான். பதினைந்து வருஷம் சின்னச் சின்ன ஊர் பேஸ்பால் அணிகளுக்குப் பந்து வீசி, பாதி ஆயுளை பஸ்ஸில் தூங்கிக் கழித்த வெர்னை, முப்பத்து மூன்றாம் வயதில் நகரத்துப் பெரிய அணி கூப்பிட்டது. தொண்ணூற்று நான்காம் வருஷம் ஜூலைக் கடைசி. யாருக்கோ தோள்பட்டை போயிருந்தது. போன தோளுக்கு வெர்ன் மனதார நன்றி சொன்னான். புனித சிரில் கோயிலில் பூசை முடிந்ததும் ஃபாதர் அறிவித்தார். ஊரே கை தட்டியது. ரோசலி புதிதாக ஒரு பச்சைக் கவுன் வாங்கிப் போட்டுக்கொண்டு நகரத்துக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தாள்.

எட்டாவது இன்னிங்ஸில் வெர்னை இறக்கினார்கள். முதல் ஆளுக்கு நாலு பந்தும் கோணல்; அவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஹாயாக நடந்து முதல் தளத்துக்குப் போனான். இரண்டாவது ஆள் அடித்தான். மூன்றாவது ஆளும் நடந்தான். மூன்று தளத்திலும் ஆள் நிற்க, மேலாளர் வந்து வெர்ன் கையிலிருந்த பந்தை வாங்கி அடுத்தவனிடம் கொடுத்தார். அடுத்தவன் போட்ட முதல் பந்து வேலியைத் தாண்டி எங்கோ விழுந்தது; நின்ற மூன்று பேரும் ஓடி வந்து ரன் ஆனார்கள். அடி வாங்கியவன் அவன். ஆனால் தளங்களில் நின்ற மூன்று பேரை அங்கே நிறுத்தியவன் வெர்ன் அல்லவா? அந்த மூன்று ரன்னும் வெர்ன் பேரில்தான் ஏறின. சட்டம் அப்படி. விருந்தாளி தட்டை உடைத்தாலும் கூப்பிட்டவன் பேர்தானே கெடும்.

ஒரு முழு ஆட்டம் வீசினால் இவன் எத்தனை ரன் கொடுப்பான் என்று ஒவ்வொரு வீச்சாளனுக்கும் ஒரு சராசரி உண்டு. கொடுத்த ரன்னை, எடுத்த அவுட்டைக் கொண்டு வகுப்பார்கள். வெர்ன் எடுத்த அவுட் பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மற்றவர்களுக்கு நேரே மூன்றரை, நாலே கால் என்று இருக்க, வெர்னுக்கு நேரே வெறும் கோடு போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஆர்னி கடையில் இரண்டாவது பீரை முடித்துவிட்டு அந்தக் கோட்டுக்குப் பொழிப்புரை சொன்னார்: பூஜ்யத்தால் வகுத்தால் முடிவிலி. வெறும் வாயை மெல்லும் ஊரின் பிர்ச் தெருவுக்கு அவல் கிடைத்தது.

மற்ற வருஷமாக இருந்தால் இதெல்லாம் இரண்டு நாள் பேச்சு. அடுத்த தடவை இறங்கி ஒருத்தனை அவுட் ஆக்கினால் முடிவிலி முடிந்துபோகும். அந்த வருஷம் அப்படி இல்லை. ஆகஸ்ட் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை முதல் வேலைநிறுத்தம் என்று ஆட்டக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். முதலாளிகள் அசையவில்லை. வருஷம் பாதியில் அறுந்தால் அதற்குள் இருக்கிற எண்கள் எல்லாம் அரைவேக்காட்டில் இறக்கிய சோறுதான். மட்டையில் நானூறு சராசரியைத் தொடப் போகிறவன் தொடாமலே நிற்பான். பழைய சாதனையைத் துரத்துகிறவன் பாதி வழியில் நிற்பான். வெர்னின் படுத்த எட்டு எழுந்திருக்காது.

"ஒரே ஒரு ஆள், ரோ" என்பான் வெர்ன், தினமும் போனில். "ஒரே ஒருத்தனை அவுட் ஆக்கினா போதும். எண்பத்தொன்னு ஆயிடும்."

ஒரு அவுட்டுக்கு மூன்று ரன், முழு ஆட்டத்துக்கு இருபத்தேழு அவுட்; கணக்கு சரிதான். எண்பத்தொன்று என்பது மானமுள்ளவன் வெளியே சொல்லிக்கொள்கிற சராசரி இல்லை. பத்து வந்தாலே தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். ஆனாலும் எண்பத்தொன்று ஒரு எண். "இந்த ஆட்டத்தை ஆடின அத்தனை பேருக்கும் பேருக்கு நேரா ஒரு எண் இருக்கு ரோ. எனக்கு மட்டும் கோடு. பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு கோடு."

திங்கட்கிழமை அவன் குரலே மாறியிருந்தது.

"விரல் நடுங்குது ரோ. பந்துல தையல் எங்க இருக்குன்னே தெரியல. சுவத்துல போட்டுப் பாத்தேன், சுவத்துலகூட படமாட்டேங்குது."

"டாக்டர்கிட்ட—"

"அன்னிக்கு ராத்திரியில இருந்துதான். டாக்டர் என்ன செய்வார்? யார்கிட்டயும் சொல்லிடாதே. மேனேஜர் காதுக்குப் போச்சுன்னா இருக்குற மூணு நாளும் என்னை இறக்கவே மாட்டார்."

இறங்காவிட்டால் கோடு. இறங்கினால் அந்த நடுங்கும் விரலோடு, நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னும் ஒரு மூன்று ரன், இன்னும் ஒரு நாலு ரன். எது மோசம் என்று அவளால் முடிவு கட்ட முடியவில்லை. பச்சைக் கவுனை எடுத்துப் பழந்துணிப் பெட்டியில் போட்டாள். 'நீ வராதே' என்று வெர்ன் சொல்லியிருந்தான். அவள் வந்த அன்றுதானே அப்படி ஆயிற்று. வாயை மட்டும் அவளால் கட்ட முடியவில்லை. ஒரே ஒருவரிடம் சொன்னாள். மாமியாரிடம்.

பெர்னடெட் பாவ்லிக் அதை மனிதர் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம், வேலைநிறுத்தத்துக்கு முந்தைய கடைசி ஆட்டம். கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில் வழக்கம்போல பிங்கோ; கூப்பிடுகிற எண் தன் அட்டையில் இருந்தால் அதன் மேல் ஒரு சோளமணி வைக்க வேண்டும், முதலில் ஒரு வரிசையை நிரப்பியவருக்கு வெற்றி. மேடையில் ஒலிபெருக்கிக்கு முன்னால் எண் கூப்பிடுகிறவன் ஆர்னியேதான். வாரத்தில் ஆறு நாள் ஊருக்கு ஊற்றிக் கொடுத்த பாவத்தை ஏழாவது நாள் இப்படிக் கழுவுகிறான். அவன் முழங்கை அருகில் டிரான்சிஸ்டர். அதற்குப் பக்கத்து நாற்காலியில் ரோசலி, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்கத் தைரியம் இல்லை. கூட்டத்தில் கேட்கவும் தைரியம் இல்லை. இரண்டில் கூட்டத்தில் வெங்காயம் வதங்கும் வாசனையாவது இருந்தது.

வெங்காயத்தை வதக்கிக்கொண்டிருந்தவள் பெர்னடெட். பியரோகி என்கிற கொழுக்கட்டையை வாணலியில் புரட்டுவதும் தட்டில் வைப்பதுமாக இருந்தாள். அதுதான் கிளாடிஸ் கோபாக்கின் கண்ணை உறுத்தியது. பாவ்லிக் வீட்டுக்கு நேர் எதிர் வீடு கிளாடிஸ்; அவள் கண்ணுக்கு உறுத்தல் என்பது ஒரு வியாதி அல்ல, தொழில்.

"பெர்னடெட் பிங்கோ ஆடலையா? போப்பாண்டவரே பூசைக்கு லீவு போட்ட மாதிரி இருக்கே!"

"இடுப்பு வலி" என்றாள் பெர்னடெட், திரும்பாமல்.

"இடுப்பாலயா ஆடுவே? கையாலதானே சோளத்தை வைக்கணும்?"

"உன் அட்டையைப் பாரு கிளாடிஸ். ரெண்டு எண் விட்டுட்டே."

விட்டிருந்தாள்தான். சோளமணிகளை அவசரமாக அட்டையில் வைத்துக்கொண்டே கிளாடிஸ் ரோசலியின் பக்கம் சாய்ந்தாள். "உன் மாமியா இருபது வருஷத்துல ஒரு வியாழக்கிழமை விட்டதில்லை. மாமனார் செத்த வாரம்கூட கறுப்பு டிரஸ்ல வந்து ஜெயிச்சிட்டுப் போனா. என்னமோ இருக்கு."

ரோசலி காதில் வாங்கவில்லை. மூன்று இன்னிங்ஸ் முடிந்து நம் பக்கம் இரண்டுக்கு ஒன்று முன்னால் இருந்தது. வெர்ன் பேர் இன்னும் வரவில்லை. வராமலே இருந்துவிடட்டும் என்று ஒரு மூச்சு. வந்துவிட்டால் தேவலை என்று மறு மூச்சு.

அப்போதுதான் மேற்கே எங்கேயோ இடி உருண்டது.

சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

"இடியா?" என்றான் ஆர்னி. "ஒரு சொட்டு வராதுன்னு காலைல ரேடியோவுல சொன்னானே!"

அவன் அடுத்த எண்ணை எடுக்கக் கூண்டுக்குள் கையை விட்டான். டிரான்சிஸ்டரில் வர்ணனையாளனின் குரல் திடீரென்று உயர்ந்தது. நாலாவது இன்னிங்ஸ். எதிரணியில் ஒருத்தன் அவுட். அடுத்தவன் அடித்த பந்து நேராக வந்து நம் வீச்சாளனின் முழங்காலில் பட்டு, அதை எடுத்து எறிவதற்குள் அடித்தவன் முதல் தளத்துக்கு ஓடி... ரோசலிக்கு அதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆர்னி காதை ஒட்டவைத்துக் கேட்டுச் சுருக்கமாகச் சொன்னான்: "குழப்பம் எல்லாம் தீந்தது. ஒரு அவுட், முதல் தளத்துல ஒரு ஆள். மேனேஜர் அடுத்த வீச்சாளனைக் கூப்பிட போனை எடுத்துட்டார். கையைச் சூடு ஏத்திட்டு நின்னது ஒரே ஆளு."

"வெர்ன் பாவ்லிக்" என்றது டிரான்சிஸ்டர். "இதுவரை ஒரு அவுட்டும் எடுக்காதவர். சராசரியைச் சொல்ல எங்களிடம் எண் இல்லை." வர்ணனையாளனுக்குச் சிரிப்பு வந்தது. ரோசலிக்கு அந்தக் குரல்வளையைக் கையில் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

"இப்ப மட்டும் ஒரு அவுட்—" என்று கிளாடிஸ் ஆரம்பித்தாள். நாலு பக்கத்திலிருந்தும் பெண்கள் 'உஷ்' என்றார்கள். நடக்க வேண்டியதை வாயால் சொன்னால் நடக்காது; அந்த ஊரில் ஞானஸ்நானத்துக்கு முன்பே கற்றுக்கொடுக்கிற பாடம் அது. கிளாடிஸ் மிச்சத்தை எச்சிலோடு விழுங்கினாள். அவள் ஆயுளில் விழுங்கிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

முதல் பந்து கோணல். இரண்டாவது மண்ணில் விழுந்து உருண்டது. மூன்றாவது மட்டையாளனின் தலைக்கு மேலே. நாலாவதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. நடக்க வைத்துவிட்டான், முதல் தளத்தில் இருந்தவன் இரண்டாவதுக்கு நகர்ந்தான், வந்தவன் முதலில் நின்றான்.

ரோசலியின் கை தொடைக்கு அடியில் மரத்துப்போயிருந்தது. தையல் எங்கே என்று அவன் இப்போது பந்தைத் தடவிக்கொண்டிருப்பான். முப்பதாயிரம் பேர் பார்ப்பார்கள். அவளுக்குத் தெரிந்த அந்த விரல்கள்; கல்யாண மோதிரத்தைப் போடும்போதுகூட நடுங்காத விரல்கள்.

"பாவ்லிக் பந்தோடு நிற்கிறார்" என்றான் வர்ணனையாளன். "நிற்கிறார்... இன்னும் நிற்கிறார்... திரும்பினார்! இரண்டாவது தளத்துக்கு எறிந்தார்! ஆள் தளத்தைவிட்டு ரொம்ப தூரம் வந்திருந்தான், திரும்பி ஓடுகிறான், பாய்கிறான்..."

ஆர்னி டிரான்சிஸ்டரை இரண்டு கையாலும் பிடித்தான்.

"அவுட்!"

கூடம் அதிர்ந்தது. மேசைகளிலிருந்து சோளமணி மழையாகச் சிதறியது. "எண்பத்தொன்னு! எண்பத்தொன்னு!" என்று கிளாடிஸ் ரோசலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். உலகத்திலேயே மிகக் கேவலமான சராசரிக்கு இப்படி ஒரு கொண்டாட்டம் எந்தத் தேவாலயத்திலும் நடந்திருக்காது. மேலாளர் உடனே வெர்னை வெளியே எடுத்துவிட்டார். அடுத்து வந்தவன் ஒரே பந்தில் மூன்றாவது அவுட்டையும் முடித்தான். ரோசலி நாற்காலியில் சரிந்தாள். முடிந்தது.

முடியவில்லை. தலைக்கு மேலே கூரையில் ஒரு கைப்பிடிச் சரளைக் கல்லை யாரோ இறைத்த மாதிரி சத்தம் கேட்டது. அப்புறம் வண்டி வண்டியாக.

ஆர்னியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. "மழை" என்றான். "இங்க பெய்யுறது அரை மணி நேரத்துல அங்க போயிடும். எப்பவும் அப்படித்தானே. மேக்கால வந்து ஆத்தைத் தாண்டி நேரா நகரம்."

"பெய்யட்டுமே. அவுட் எடுத்தாச்சுல்ல?" என்றாள் கிளாடிஸ்.

"அஞ்சு இன்னிங்ஸ் முடியணும் கிளாடிஸ். அதுக்குள்ள மழையில கலைச்சாங்கன்னா ஆட்டமே நடக்காத மாதிரி. ரன்னும் கிடையாது, அவுட்டும் கிடையாது. எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க. இன்னொரு நாள் முதல்ல இருந்து ஆடணும்."

இன்னொரு நாள் இல்லை. நாளைக்கு வேலைநிறுத்தம். "நம்ம ஆளுங்க முன்னால இருக்கறதால அஞ்சாவதுல அவங்க பாதி முடிஞ்சாலே போதும்" என்று ஆர்னி கொஞ்சம் தேன் தடவினான். "நாலாவதுல நம்ம பாதி ஒண்ணு, அஞ்சாவதுல அவங்க பாதி ஒண்ணு. ஆறு அவுட்."

ரோசலி படியேறி வாசலுக்குப் போனாள். ஆற்றுக்கு மேலே கன்னங்கரேலென்று ஒரு மேகம், யாரோ கூப்பிட்டு அனுப்பிய மாதிரி, கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் போனது. அதுதான் பயமாக இருந்தது.

திரும்பி வந்தபோது சமையலறைக் கதவருகே பெர்னடெட் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"நான்தான்டி" என்றாள்.

"என்ன நீங்கதான்?"

"மழை. நான்தான் கேட்டேன்." குரல் கிசுகிசுப்பாகியது. "நீ விரல் நடுங்குதுன்னு சொன்னியா, எனக்குத் தாங்கலை. திரும்பவும் அவனைக் கொண்டுபோய் அத்தனை பேர் முன்னால நிறுத்தி... புனித மெடார்டுகிட்ட மெழுகுவத்தி ஏத்தினேன். வியாழக்கிழமை மழையைக் கொட்டி ஆட்டத்தை நிறுத்துங்க, கிறிஸ்துமஸ் வரைக்கும் பிங்கோ அட்டையைத் தொடமாட்டேன்னு."

ரோசலிக்குச் சிரிப்பதா அலறுவதா என்று தெரியவில்லை. காலையில் ஒரு சொட்டு வராது என்று சொன்னார்கள். மழைப் புனிதர் கேட்டதைக் கொடுத்துவிட்டார். கொஞ்சம் தாமதமாக, அது ஒன்றுதான் குறை.

"திருப்பி வாங்குங்கம்மா!"

"வேண்டுதல் என்ன சட்டையா, ரசீது காட்டித் திருப்பிக் கொடுக்க?"

"அப்ப மீறுங்க. நீங்க வாக்கு மாறினா அவரும் மாறிக்கலாம்ல. போய் உக்காந்து ஆடுங்க."

"புனிதரையே ஏமாத்தச் சொல்றியா?" பெர்னடெட்டின் கை சிலுவைக் குறி போட்டது. "ஏமாத்தினா மழையோட நிறுத்துவார்னு நினைக்கிறியா? என் பாட்டனார் ஊர்ல ஒருத்தன் வேண்டிக்கிட்டு மாத்தினான், வைக்கோல் போர்ல இடி விழுந்துச்சு."

"வெர்னுக்கு கோடு விழுந்துடும்மா."

பெர்னடெட் கூரையைப் பார்த்தாள். கூரை தடதடத்துக்கொண்டே இருந்தது. அப்புறம் இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள், மடித்தாள், போய் கிளாடிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அட்டையை எடுத்தாள்.

"இடுப்பு சரியாயிடுச்சா?" என்றாள் கிளாடிஸ்.

"வாயை மூடிட்டு சோளத்தை இந்தப் பக்கம் தள்ளு."

"எழுத்து என், எண் முப்பத்தேழு" என்று ஆர்னி கூப்பிட ஆரம்பித்தான். ஒரு காது கூண்டில், ஒரு காது டிரான்சிஸ்டரில்.

நகரத்தில் முதல் தூறல் விழுந்தபோது நம் ஆட்கள் மட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் வானம் தெரியும். சீக்கிரம் அவுட் ஆகித் தொலைய வேண்டும் என்று தலைக்கு மேலே போகிற பந்தையெல்லாம் வீசி வீசி அடித்தார்கள். எதிரணி வீச்சாளன் அதற்கு மேலே ஒரு படி. தோற்கிற ஆட்டம் கரைந்துபோனால் அவனுக்கு லாபம். ஷூ நாடாவைக் கட்டினான். இன்னொரு ஷூ நாடாவையும் கட்டினான். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்றான்.

"மூணாவது கால் இருந்தா அதுக்கும் கட்டுவான்" என்றான் ஆர்னி. "பி ஏழு."

எப்படியோ மூன்று அவுட். அடுத்து எதிரணியின் பாதி. ஒவ்வொருவனும் மட்டையைத் துடைத்தான், கையைத் துடைத்தான், மறுபடியும் மட்டையைத் துடைத்தான். ஒரு அவுட். மழை வலுத்தது. இரண்டு அவுட். பெர்னடெட்டின் அட்டையில் சோளமணிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஆர்னி எதைக் கூப்பிட்டாலும் அது அவளிடம் இருந்தது. அவள் ஒவ்வொரு மணியையும் நெருப்புத் துண்டை வைக்கிற மாதிரி வைத்தாள்.

"அம்பயர் கையைத் தூக்கிவிட்டார்" என்றது டிரான்சிஸ்டர். "எல்லோரும் உள்ளே ஓடுகிறார்கள். மைதானத்தின் மேல் தார்ப்பாயை இழுக்கிறார்கள். இன்னும் ஒரே ஒரு அவுட் மிச்சம்."

ஒரே ஒரு அவுட். வெர்ன் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஒன்று, இப்போது வேறொருவன் கையில். ரோசலி மேலே வாசலுக்கும் கீழே டிரான்சிஸ்டருக்குமாக ஏறி இறங்கினாள். கிழக்கே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. நகரத்துக்கு மேலே. தலைமை அம்பயர் வெளியே வந்து தார்ப்பாயில் காலை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார் என்றான் வர்ணனையாளன். பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள் என்றான். மற்றவர்களுக்கும் நாளை முதல் வேலை இல்லை, இங்கே காத்திருந்து என்ன என்று ஒரு பேச்சு ஓடுகிறதாம்.

அடுத்த தடவை மேலே போனபோது, முகத்தில் ஒன்றும் விழவில்லை என்பது அவளுக்கு உடனே உறைக்கவில்லை. பிர்ச் தெருவின் ஓடைகள் ஓடிக்கொண்டிருந்தன, வானம் வெறித்திருந்தது. மேற்கே மலைக்கு மேல் ஒரு கை அகலத்துக்கு வெளுப்பு. அதில் ஒரு நட்சத்திரம்.

இங்கே விட்டால் அங்கே விடும். அம்பயருக்குப் பொறுமை இருக்க வேண்டும்.

"விட்டுடுச்சு!" என்று கத்திக்கொண்டே படியில் இறங்கினாள். "இங்க விட்டுடுச்சு! அந்த ஆளுகிட்ட யாராவது போன் பண்ணிச் சொல்லுங்க!"

"அம்பயருக்கா? நம்பர் என்கிட்டதான் இருக்கு பாரு" என்றான் ஆர்னி. கூண்டிலிருந்து அடுத்த எண்ணை எடுத்தான். "ஜி ஐம்பத்திரண்டு."

ரோசலி தற்செயலாகப் பார்த்தாள். பெர்னடெட்டின் கை ஒரு சோளமணியோடு அட்டைக்கு மேலே போயிற்று, நின்றது, அப்படியே மூடிக்கொண்டது. அடுத்த எண்ணில் கிளாடிஸ் "பிங்கோ!" என்று எழுந்து நின்று கூடத்தையே கலக்கினாள். இருபது வருஷத்தில் அவள் பெர்னடெட்டின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெயித்தது அதுதான் முதல் தடவை. யாரும் கை தட்டவில்லை. டிரான்சிஸ்டர் பேசிக்கொண்டிருந்தது.

தார்ப்பாயைச் சுருட்டுகிறார்கள்.

மட்டையாளன் வந்து நின்றான். அவனும் துடைத்தான். முதல் பந்தையே அடித்தான்; பந்து நேரே வானத்துக்குப் போயிற்று. ஈரப் பந்து, ஈரக் கையுறை. பிடிக்க வந்தவன் சேற்றில் வழுக்கினான், ஒரு முழங்காலில் விழுந்தான் என்றான் வர்ணனையாளன். கூடத்தில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். "பிடித்துவிட்டார்! பந்து நெஞ்சில் பட்டுத் துள்ளியது, ஆனால் பிடித்துவிட்டார்! ஆட்டம் இனி கணக்கில் சேரும்."

அதற்கப்புறம் அந்த வருஷம் ஒரு பந்தும் வீசப்படவில்லை. செப்டம்பரில் மிச்சத்தை மொத்தமாக ரத்து செய்தார்கள். நானூறைத் தொட இருந்தவன் தொடாமலே நின்றான். வெர்னை மறுபடி யாரும் கூப்பிடவில்லை. ஆர்னி பிரெட்செல்லை இறக்கி, இரண்டாக உடைத்து, பீரோடு தின்றுவிட்டான். இரண்டு வாரத்து ரொட்டி, பல் போகாதது புனிதரின் கருணை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கோடு இருந்த இடத்தில் எண்பத்தொன்று இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அந்த வியாழக்கிழமை ராத்திரி கூடத்துச் சமையலறைத் தொலைபேசி அடித்தபோது ரோசலி ஓடிப்போய் எடுத்தாள்.

"கேட்டியா?" என்றான் வெர்ன்.

"கேட்டேன். விரல்?"

"இன்னும் நடுங்குது. ரோ, உனக்கு மட்டும் சொல்றேன். அவன் தளத்தைவிட்டு வெளியே வந்ததை நான் பாக்கவே இல்லை. மட்டைக்காரன் பக்கம் பந்தைப் போட பயமா இருந்துச்சு. கை வரலை. வேற எங்கயாவது போட்டுடணும்னு திரும்பிப் போட்டேன். அவ்வளவுதான்."

ரோசலி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "எதுக்குப் போட்டா என்ன? அவுட்தானே?"

"எல்லாரும் தோள்ல தட்டுறாங்க. என்ன மூளைன்னு." அவன் சிரிக்க முயன்றான். "கிளம்புறேன். ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்."

கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. கிளாடிஸ் ஜெயித்த கதையை வாசல்வரை மூன்று பேரிடம் மூன்று விதமாகச் சொல்லிவிட்டுப் போனாள். ரோசலி மேசைகளிலிருந்து சோளமணிகளைக் கூட்டி டப்பாவில் போட்டுக்கொண்டே வந்தாள். மாமியாரின் அட்டை மட்டும் அப்படியே இருந்தது. குறுக்கே ஒரு வரிசை முழுக்கச் சோளம், இடையில் ஒரே ஒரு கட்டம் காலி. ஜி ஐம்பத்திரண்டு.

"அம்மா, இதைக் கூப்பிட்டாங்களே! கிளாடிஸுக்கு முன்னாலயே நீங்க ஜெயி—"

பெர்னடெட் அவள் வாயைப் பொத்தினாள். பியரோகி எண்ணெயும் வெங்காயமும் மணக்கிற கை. இன்னொரு கை இன்னும் மூடியே இருந்தது. கண் மேலே, கூரையில்.

"சத்தம் போடாதே. அவர் கேட்டுக்கிட்டு இருப்பார். ஒரே நாள்ல அவுட், பிங்கோ ரெண்டையும் வாங்கினா சும்மா விடுவாரா?"

"அதான் முடிஞ்சுதே. எண்பத்தொன்னு வந்தாச்சு. இப்ப திறங்க கையை."

பெர்னடெட் திறக்கவில்லை. எங்கேயோ கிழக்கே, நகரத்துப் பக்கம், நனைந்த இடி ஒன்று மெதுவாக உருண்டது.

"ரோடெல்லாம் ஈரம்" என்றாள். "அவன் வண்டி வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் நான் ஜெயிக்கலை."